முஸ்தபா இல்லாத பட்டியல்: பெங்களூரின் வீடியோ கேம் கடைகளும் மறுபதிப்பு வரலாறும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்தில் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நடந்த சிறு நிகழ்ச்சியிலிருந்து இப்பதிவைத் தொடங்குகிறேன். சற்று நீண்ட பதிவு. என் ஆய்வேட்டின் ஓர் இயலுக்கான முன்வரைவு என்றும் இதைக் கொள்ளலாம்.

அண்ணன் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுடைய பிளேஸ்டேஷனில் கேப்காம் நிறுவனத்தின் பழைய ஆர்கேட் விளையாட்டுகளைத் திரட்டிய தொகுப்புகள் மூன்று இருக்கின்றன. அன்று விருந்துக்கு வந்திருந்த எங்கள் தாய்மாமா, 1990களில் இதே பகுதியில் வீடியோ கேம் கடை நடத்தியவர். துணி ஆலை வேலையை விட்டபோது கிடைத்த தொகையில் இரண்டு பொறிகளை வாங்கி வைத்துத் தொடங்கிய கடை அது. பையன் தொகுப்பைத் திறந்ததும் மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகில் சென்று அமர்ந்தார். பட்டியல் மெல்ல நகர்ந்தது. முடிவுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "முஸ்தபா எங்கப்பா?"

"அப்படி ஒரு கேமே இல்லையே தாத்தா" என்றான் பையன். மூன்று தொகுப்புகளையும் திறந்து பார்த்தார்கள். இல்லை. மாமா சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி எளிதில் அகலவில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் இந்தியாவின் பல நகரங்களிலும் ஒரு தலைமுறை மிக விரும்பி ஆடிய விளையாட்டு, அந்தக் காலத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் தொகுப்புகளில் ஏன் இல்லை? அதை வெறும் விடுபடலாகக் கடந்துவிட முடியுமா? இவ்விரு கேள்விகளைத் தொடர்ந்து சென்றபோது கண்டவற்றையே கீழே எழுதியிருக்கிறேன்.

1. மறுபதிப்பு எவ்வாறு உருவாகிறது

ஆர்கேட் விளையாட்டு என்பது பொது இடத்தில் காசு போட்டு ஆடும் பொறி. 1972இல் அட்டாரியின் 'பாங்', 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் நாம்கோவின் 'பேக்-மேன்', 1991இல் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆகியவை அதன் வரலாற்றில் அனைவரும் அறிந்த மைல்கற்கள். மரப்பெட்டி, படக்குழாய்த் திரை, கைப்பிடி, பொத்தான்கள், காசுப்பெட்டி, மின்சுற்றுப் பலகை ஆகியவை சேர்ந்ததே ஒரு பொறி. விளையாட்டின் நிரலும் படங்களும் ஒலியும் அப்பலகையின் சில்லுகளில் பதிந்திருக்கும். கடைக்காரர்கள் 'போர்டு' என்று சொல்வது இப்பலகையைத்தான். பெட்டி அப்படியே இருக்க, போர்டை மட்டும் மாற்றினால் விளையாட்டு மாறிவிடும்.

இன்றைய கருவிகளில் விற்கப்படும் தொகுப்புகள், அச்சில்லுகளின் உள்ளடக்கத்தைப் படித்தெடுத்து, பழைய பொறியின் நடத்தையை நடித்துக்காட்டும் எமுலேட்டர் என்னும் மென்பொருளின்மேல் அதை ஓட்டுகின்றன. நாடகப் பிரதியும் நடிகரும் போன்ற உறவு இது. பிரதி பழையது, நடிகர் புதியவர். நடிப்பு எவ்வளவு நுட்பமாக அமைய வேண்டும் என்பதற்கு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நல்ல சான்று. அதில் எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்களின் வேகம் கூடும். பல உருவங்களை ஒருசேர நகர்த்த அன்றைய செயலிக்குத் திறன் போதாமையால் முதலில் மெதுவாக நகர்ந்தவை, எண்ணிக்கை குறைந்ததும் விரைந்தன. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். பொறியின் இயலாமையே ஆட்டத்தின் அச்சமாக மாறியது. அந்த இயலாமையையும் சேர்த்து நடிக்கத் தெரிந்த எமுலேட்டரே நல்ல எமுலேட்டர்.

இத்துறையில் முதல் பெரும்பணியைச் செய்தவர்கள் ஆர்வலர்கள். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட 'மல்ட்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர்', சுருக்கமாக 'மேம்', ஆயிரக்கணக்கான போர்டுகளின் அமைப்பை ஆவணப்படுத்தியது. பின்னர் நிறுவனங்களும் தங்கள் கிடங்குகளைத் திறந்தன. ஜப்பானின் ஹாம்ஸ்டர் நிறுவனம் 2014 முதல் 'ஆர்கேட் ஆர்கைவ்ஸ்' என்ற வரிசையில் பழைய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டுவருகிறது. கேப்காம் 2018இல் ஏழு அடிதடி விளையாட்டுகளைக் கொண்ட தொகுப்பையும், 2021இல் 'கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்' என்ற பெருந்தொகுப்பையும், 2022இல் அதன் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டது. 'ஃபைனல் ஃபைட்', 'கேப்டன் கமாண்டோ', 'நைட்ஸ் ஆஃப் த ரவுண்ட்' எனக் கடைகளில் பார்த்த பெயர்கள் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பில் வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு ஒரே மூச்சில் சொல்லப்பட வேண்டிய பெயர் மட்டும் இல்லை.

2. முஸ்தபா என்ற விளையாட்டு

அதன் அதிகாரபூர்வப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்டு டைனோசார்ஸ்'. கேப்காம் 1993இல் வெளியிட்டது. மூவர் சேர்ந்து ஆடலாம். ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என நான்கு மாந்தர். அவர்களுள் விரைவானவன் முஸ்தபா கெய்ரோ. ஓடிவந்து பறந்து உதைப்பான். எங்கள் தெருவில் யார் முஸ்தபாவை எடுப்பது என்பதில்தான் முதல் சண்டை. திரையில் நடப்பது இரண்டாம் சண்டை. நான்கு பெயர்களுள் நம் காதுக்குப் பழகிய ஒரே பெயர் அதுதான் என்பதும் கவனத்துக்குரியது. ஆங்கிலத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியிருந்த சிறுவர்கள், தங்களுக்குத் தெரிந்த பெயரை எடுத்து விளையாட்டுக்கே சூட்டினார்கள். 1996இல் வெளிவந்த 'காதல் தேசம்' படத்துக்குப் பின் தமிழில் அப்பெயர் நட்பின் மறுபெயராகவும் ஆனது. மூவர் தோளோடு தோள் நின்று ஆடும் விளையாட்டுக்கு அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

இவ்விளையாட்டு எந்த வீட்டுக் கருவிக்கும் அதிகாரபூர்வமாக வந்ததில்லை. காரணத்தை அதன் பெயரிலேயே காணலாம். கேடிலாக் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் வணிகக்குறி. கதையும் மாந்தரும் 1987 முதல் வெளிவந்த மார்க் ஷுல்ட்ஸின் 'ஸீனோஸோயிக் டேல்ஸ்' என்ற காமிக்ஸ் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டவை. நிரலும் அசைவோவியமும் கேப்காமினுடையவை. இத்தனை உரிமைகளையும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தால்தான் மறுபதிப்பு இயலும்.

அதே 1993இல் அதே நிறுவனம் அதே வகைப் போர்டில் வெளியிட்ட 'த பனிஷர்' ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். அதுவும் காமிக்ஸ் உரிமத்தில் சிக்கிப் பல ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. மார்வெலுடன் உடன்பாடு ஏற்பட்டதும் 2024 செப்டம்பரில் வந்த மார்வெல் தொகுப்பில் இடம்பெற்றுவிட்டது. மூன்றாவது தொகுப்பில் அதைக் கண்டதும் மாமா, "இது முஸ்தபாவோட தம்பி" என்றார். அண்ணன் இல்லாமல் தம்பி மட்டும் வந்திருக்கிறான். இரண்டின் கலைத்தரத்துக்கும் இதில் தொடர்பில்லை. சந்தையில் இன்று யாருடைய மாந்தருக்கு மதிப்பு இருக்கிறதோ, அவர்களுக்காக வழக்கறிஞர்கள் பேசினார்கள். மறுபதிப்புகளை வரலாற்றின் தொகுப்பாக எடுத்துக்கொள்ளும் மாணவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இதுதான்: இப்பட்டியல்கள் உரிம ஒப்பந்தங்களின் வரைபடங்கள்.

இது ஒரு விளையாட்டின் துயரம் மட்டுமன்று. அமெரிக்காவின் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று கண்டது. அங்கே நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தர விலக்குக் கோரியபோது, 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

3. பாடபேதம்

'அதுதான் மேம் இருக்கிறதே, முஸ்தபாவும் அதில் ஓடுமே' என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். என் தலைமுறையில் பலர் முஸ்தபாவை அறிந்ததே அவ்வழியாகத்தான். என் கை முதன்முதலில் அவனைத் தொட்டது 2004இல், கல்லூரித் தோழி ஒருத்தியின் கணினியில், விசைப்பலகையில். அது கணினி விளையாட்டு என்றே அப்போது எண்ணியிருந்தேன். அதே விளையாட்டு பத்தாண்டுகளுக்கு முன் மாமாவின் கடையில் ஓடியது. மதியம் சாப்பாட்டு கேரியருடன் அக்கடையின் வாசலில் நின்றிருக்கிறேன். பெண் பிள்ளைகள் உள்ளே வரும் வழக்கமில்லை. திரைச்சீலைக்கு அப்பாலிருந்து வந்த ஒலியைக் கேட்டிருக்கிறேன், திரையைப் பார்த்ததில்லை. நிரல் ஒன்றுதான். ஆனால் அந்தக் கடையும், அந்த வாசலும், எந்தச் சில்லிலும் பதியவில்லை.

தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்க ஓர் எளிய ஒப்புமை உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். நல்ல பதிப்பின் இலக்கணம் அது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசகப் பெருந்திரள் எதைப் படித்தது என்று கேட்டால், நாம் பெரிய எழுத்து நல்லதங்காள் கதைக்கும் குஜிலி நூல்களுக்கும்தான் செல்ல வேண்டும். செம்பதிப்பு மூலத்தின் வரலாற்றைத் தருகிறது. மலிவுப் பதிப்பு வாசிப்பின் வரலாற்றைத் தருகிறது. இன்றைய தொகுப்புகள் செம்பதிப்பைப் போன்றவை. நிறுவனத்தின் திருத்தமான பாடம் அவற்றில் இருக்கிறது. கடைகளில் ஓடியதோ பெரும்பாலும் வேறு பாடம்.

எடுத்துக்காட்டாக, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' உலகெங்கும் கள்ளப் போர்டுகளில் பரவியது. அவற்றுள் 'ரெயின்போ எடிஷன்' என்று அறியப்படும் திருத்தப் பதிப்பில் மாந்தர் காற்றில் மிதந்தபடியே தீப்பந்து எறிவர். சண்டையின் நடுவிலேயே ஒருவர் இன்னொருவராக மாறிவிடலாம். இத்தகைய போர்டுகள் அமெரிக்காவிலும் பரவியதற்கு எதிர்வினையாகவே கேப்காம் 1992இல் வேகம் கூட்டிய 'டர்போ' பதிப்பை வெளியிட்டது. கள்ளப்பதிப்பு மூலத்தையே மாற்றிய அரிய நிகழ்வு இது. தொகுப்பில் 'டர்போ' இருக்கிறது. அதற்குக் காரணமான கள்ளப்பதிப்பு இல்லை. மாமாவுக்கு நினைவிருப்பதோ தீப்பந்து மழை பொழியும் பதிப்புதான். பையன் ஆடிக்காட்டிய திருத்தமான பதிப்பைப் பார்த்து, "இது சரியா ஓடலை, போர்டுல ஏதோ கோளாறு" என்றார். நாங்கள் சிரித்தோம். பாடபேத ஆராய்ச்சியில் அவருடைய கூற்று ஒரு சான்று என்பது பின்னர்தான் உறைத்தது.

காசும் ஒரு பாடபேதமே. ஆர்கேட் விளையாட்டின் கடினம் காசுப்பெட்டியைக் கருதி அமைக்கப்பட்டது. புதியவர் சில நிமிடங்களில் தோற்க வேண்டும். தோல்வி அவமானமாக இல்லாமல் இன்னொரு காசுக்கான தூண்டுதலாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். இன்றைய தொகுப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் காசு விழும். எத்தனை முறை வேண்டுமானாலும் விழும். தவறு நேர்ந்தால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. பையன் 'ஃபைனல் ஃபைட்' விளையாட்டை ஒரே மாலையில் முடித்துவிட்டான். மாமாவின் கடையில் அதன் கடைசிக் காட்சியைக் கண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். கண்டவன் அந்தத் தெருவில் சில நாள் மதிப்போடு நடந்தான். அந்த மதிப்பை ஈட்டித்தந்தது ஒற்றை ரூபாயின் அருமை.

இவ்வளவும் சொல்வதால் தொகுப்புகள் வீண் என்பது என் கருத்தன்று. வாசலில் நிறுத்தப்பட்டவளாகிய நான் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கால்நீட்டி அமர்ந்து, வெட்கமின்றி முப்பது முறை தோற்று ஆட முடிந்தது இத்தொகுப்புகளால்தான். செம்பதிப்பின் பயன் யாரும் மறுக்கத்தக்கதன்று. செம்பதிப்பை வாசிப்பின் வரலாறாக எடுத்துக்கொள்ளும் பிழையைத்தான் சுட்டுகிறேன்.

4. காவல் நிலையம் வைத்திருந்த ஆவணம்

அப்படியானால் பெங்களூர்க் கடைகளின் வரலாற்றுக்குச் சான்று எங்கே கிடைக்கும்? பண்பாட்டு வரலாற்றில் அடிக்கடி நேர்வதுபோல, அதிகாரம் ஐயத்தோடு பார்த்த இடத்தில்தான் ஆவணம் மிஞ்சியிருக்கிறது. கர்நாடகக் காவல் சட்டம் 1963இன் 31ஆம் பிரிவு தரும் அதிகாரத்தின் கீழ், பெங்களூர் நகரத்தின் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கவும் அவற்றைக் கட்டுப்படுத்தவும் 1989இல் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. வீடியோ கேம் கடைகள் அதன் வரம்புக்குள் வந்தன. இதையொட்டிக் கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எழுந்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. 1995இல் வழங்கப்பட்ட எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்னும் தீர்ப்பு, சூதாட்டச் சட்டம் பற்றிய விவாதங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

வழக்கின் மையக் கேள்வி: வீடியோ விளையாட்டு திறமையால் ஆடப்படுவதா, தற்செயலால் முடிவாவதா? கடைக்காரர்கள் திறமை என்றார்கள். தொழில் செய்யும் அடிப்படை உரிமையைக் காட்டினார்கள். பொறியின் உள்ளமைப்பைக் கடைக்காரர் மாற்றிவைத்தால் ஆடுபவரின் திறமை பயன்படாது, முடிவு தற்செயலாகிவிடும் என்று நீதிமன்றம் கருதியது. திறமை சார்ந்த விளையாட்டுகளை நடத்துவதற்கும் உரிமக் கட்டுப்பாடு பொதுநலன் கருதி ஏற்கத்தக்கதே என்றும் கூறியது. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும் இவ்வழக்கில் ஆராயப்பட்டது. குதிரைவண்டிக் காலத்துச் சட்டம் ஒன்று மின்னணுத் திரையை எதிர்கொண்ட தருணம் அது.

இத்தீர்ப்பை வரலாற்று ஆவணமாக வாசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் 'வீடியோ கேம்' என்பது ஒற்றைச் சொல். பணம் கட்டி ஆடும் சீட்டு, எண் பொறிகளும், டைனோசாரை உதைக்கும் பொறிகளும் அச்சொல்லுக்குள் அடங்கும். முதல் வகையின் கறை இரண்டாம் வகையின் மேலும் படிந்தது. 'கேம் கடைக்குப் போகிறான்' என்பது எங்கள் பகுதியில் ஏன் ஒரு புகாராக ஒலித்தது என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. பெங்களூர் இதில் தனித்ததும் அன்று. நியூயார்க் நகரம் 1942இல் பின்பால் பொறிகளைச் சூதாட்டமென்று தடைசெய்து 1976இல்தான் தடையை நீக்கியது. பிலிப்பைன்ஸில் மார்கோஸ் அரசு 1981இல் வீடியோ விளையாட்டுகளைத் தடைசெய்தது. இவ்விளையாட்டுகளின் தாயகமான ஜப்பானிலேயே 1985 முதல் விளையாட்டுக் கூடங்கள், இரவுக் கேளிக்கைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் வந்தன.

ஆக, நம்மிடம் இரண்டு ஆவணங்கள் உள்ளன. நிறுவனத்தின் தொகுப்பு விளையாட்டை ஒரு படைப்பாக நினைவுகூர்கிறது. அதில் ஆடியவர்கள் இல்லை. நீதிமன்றத்தின் கோப்பு கடையை ஒரு சிக்கலாக நினைவுகூர்கிறது. அதில் ஆட்டம் இல்லை. மின்சாரம் போனால் கடைசிக் கட்டத்தில் இருப்பவனுக்கு ஒரு டோக்கன் இலவசம் என்ற மாமாவின் நெறி, அடுத்த ஆட்டத்துக்கு இடம்பிடிக்கத் திரையின் கீழ் விளிம்பில் டோக்கனை வைக்கும் வழக்கம், தமிழும் கன்னடமும் உருதும் கலந்து எழுந்த கூச்சல் ஆகியவை இரண்டிலும் இல்லை.

5. 'இலக்கியப் படைப்பு'

நம் பதிப்புரிமைச் சட்டம் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வரையறைக்குள் சேர்த்தது. சட்டப்படி முஸ்தபாவும் இலக்கியமே. ஆனால் இலக்கியத்துக்குள்ள காப்பகப் பாதுகாப்பு அவனுக்குக் கிடைப்பதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் நூல்களையும் செய்தித்தாள்களையும் மட்டுமே கன்னிமரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க இடம் தருகிறது. அப்படைப்பின் எண்ணிமமல்லாத படி அந்நூலகத்திடம் முன்பே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறவியிலேயே எண்ணிமமாக உள்ள ஒன்றுக்கு எண்ணிமமல்லாத படி எங்கிருந்து வரும்? நூலை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி நிரலுக்குப் பொருந்தாமல் நிற்கிறது.

இதற்கிடையே பொருள்கள் அழிந்துவருகின்றன. முஸ்தபா போர்டில் ஒலிப்பகுதியின் மறைகுறிச் சாவி ஒரு சிறு பேட்டரியின் தயவில் நிற்கிறது. அதே 1993இல் கேப்காம் அறிமுகப்படுத்திய அடுத்த வகைப் போர்டான சிபிஎஸ்-2இல் முழு நிரலுக்குமே அந்நிலை; பேட்டரி தீர்ந்தால் போர்டு ஊமையாகிவிடும். ஆர்வலர்கள் இதற்கு 'தற்கொலை பேட்டரி' என்று பெயரிட்டார்கள். மாமா தம் போர்டுகளை 2000ஆம் ஆண்டுவாக்கில் எஸ்.பி. சாலையில் எடைக்குப் போட்டார். கடை அதற்கு முன்பே ஜெராக்ஸ் கடையாக மாறியிருந்தது. 'மீடியா', 'டெர்மினேட்டர்' போன்ற பெயர்களில் வந்த மலிவான நகல் கருவிகள் விளையாட்டை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றன. சைபர் கஃபேக்கள் மீதியை எடுத்துக்கொண்டன.

இத்தனையும் நடந்தது மென்பொருள் நகரமென்று பெயர்பெற்றுவந்த ஊரில் என்பதை மறக்கலாகாது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985இல் பெங்களூருக்கு வந்தது. இந்தியாவின் தொடக்ககால விளையாட்டு உருவாக்க நிறுவனங்களுள் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997இல் இங்கே தொடங்கி, 2019இல் ராக்ஸ்டார் நிறுவனத்தின் வசமானது. உலகம் ஆடும் பெரும் விளையாட்டுகளின் பகுதிகள் இன்று இந்நகரில் உருவாகின்றன. அந்த அலுவலகங்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த கடைகளில் இந்நகரம் எதை, எப்படி ஆடியது என்பதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இந்த இழப்பை நாம் முன்பே சந்தித்திருக்கிறோம். 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படச்சுருள் இன்று இல்லை. அதைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பத்திரிகை விளம்பரம், விமர்சனம் போன்ற துணுக்குகளால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் தாள்குப்பையென்று கருதிய நாடக நோட்டீசுகளையும் பாட்டுப்புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். இன்று அவர் பெயரிலுள்ள சென்னை நூலகத்தில் அமர்ந்து நாம் எழுதும் ஆய்வேடுகளுக்கு அக்குப்பையே ஆதாரம். வீடியோ கேம் கடைக்கும் அப்படியொரு சேகரம் வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: நாடக நோட்டீசு சேர்க்கப்பட்டபோது அதை அச்சிட்டவர் பெரும்பாலும் இல்லை. கடை நடத்தியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் வயது.

6. நோட்டுப்புத்தகம்

விருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து மாமா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பதினாறு பித்தளை டோக்கன்கள், உரிமத் தாளின் ஒரு நகல், நீளவாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டு. ஒவ்வொரு பொறியின் அன்றாட வசூலும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பொறிகளின் பெயர் எதுவும் நிறுவனம் வைத்த பெயரன்று; எல்லாம் மாமாவும் பையன்களும் வைத்தவை. முஸ்தபாவின் பக்கங்கள்தான் மிகுதி. தீபாவளிக்கும் ஆயுத பூசைக்கும் மறுநாள் வசூல் ஏறுகிறது. பள்ளித் தேர்வு மாதத்தில் இறங்குகிறது. இரண்டிடங்களில் 'கரண்ட் இல்லை' என்று மட்டும் எழுதி, தொகையின் இடத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறார். எந்தத் தொகுப்பிலும், எந்தத் தீர்ப்பிலும் இல்லாத வரலாறு இந்த நோட்டில் இருக்கிறது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கேம் கடை நடத்தியவர் ஒருவரேனும் இருப்பார். அவரிடம் செல்லுங்கள். போர்டு எங்கிருந்து வந்தது, யார் பழுதுபார்த்தார், டோக்கன் என்ன விலை, யார் யார் வந்தார்கள், யாரை உள்ளே விடவில்லை, கடை ஏன் மூடப்பட்டது என்று கேளுங்கள். விளையாட்டுகளை அவர் எந்தப் பெயரில் அழைத்தாரோ அந்தப் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். பெயர் திருத்தப்பட்டால் சான்று போய்விடும்.

மாமாவின் நோட்டில் பதினோரு பெயர்கள் உள்ளன. அவரும் பையனும் தொகுப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து ஏழு விளையாட்டுகளை அடையாளம் கண்டுவிட்டார்கள். எஞ்சிய நான்கு பெயர்களைக் கீழே தருகிறேன். இவற்றுள் எதையேனும் உங்கள் தெருவிலும் இதே பெயரில் அழைத்திருந்தால், அது எந்த விளையாட்டு என்று தெரிந்திருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.

ஊசி பிளேன். வெள்ளைக் குதிரை. தாடிக்காரன். கன்னடம் பேசுறவன்.

கடைசிப் பெயருக்கு மாமா தரும் விளக்கம்: அந்த விளையாட்டில் ஒருவன் அடிவாங்கி விழும்போது கத்துவது, "சாக்கு" என்று கன்னடத்தில் சொல்வதுபோலவே கேட்குமாம். போதும், நிறுத்து என்று பொருள். அடையாளம் காண இப்போதைக்கு எங்களிடம் உள்ள சான்று அது ஒன்றுதான்.